கால்களுக்குக் கட்டமில்லை

காலை ஆறு மணிக்கு அவள் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தபோது பாலத்தின் மேல் பனி இன்னும் விலகவில்லை. வண்டிகள் முதலில் சத்தமாக வந்தன, பிறகு வெளிச்சமாக, கடைசியில்தான் வண்டியாக. மடியில் அட்டை. அட்டையில் செருகிய தாள். தாளில் ஏழு கட்டம்: இருசக்கரம், ஆட்டோ, கார், வேன், பஸ், லாரி, பத்துச் சக்கரத்துக்கு மேலான பெரிய லாரி. ஒரு வண்டி போனால் அதற்கான கட்டத்தில் ஒரு கோடு. நாலு கோட்டின் மேல் குறுக்கே ஒன்று இழுத்தால் ஐந்து. மாலை ஆறு வரைக்கும் இதுதான் வேலை.

முதல் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுகிறவர்களின் முகம் தெரியும். யாரோ கொட்டாவி விடுவார், யாரோ தனக்குத்தானே பேசிக்கொண்டு போவார். பத்து மணிக்கு மேல் முகங்கள் கரைந்துவிடும். மத்தியானத்தில் வண்டிகளும் கரைந்து, நிறங்கள் மட்டும் ஓடும். கை தன் பாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்க, அவள் வேறெங்கோ இருப்பாள். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மேலே போகும் படகுகளைப் பார்ப்பதுபோல இருக்கும். திடீரென்று விழித்துப் பார்த்தால் மூன்று மணி நேரம் போயிருக்கும், தாள் நிறைந்திருக்கும்.

அப்படித் தூங்கினாற்போல எண்ணுகிறாளே, சரியாக இருக்குமா என்று சாலை அலுவலகத்து மேற்பார்வையாளருக்கு ஒருமுறை சந்தேகம் வந்தது. அவளுக்குத் தெரியாமல் விளக்குக் கம்பத்தில் ஒரு கேமராவைக் கட்டிவைத்துச் சரிபார்த்தார். இரண்டு வண்டி வித்தியாசம் வந்தது. மறுபடி ஓட்டிப் பார்த்தபோது அந்த இரண்டும் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்து போனவை, கேமராதான் விட்டுவிட்டது என்று தெரிந்தது. அன்றிலிருந்து கஷ்டமான சந்திப்புகளுக்கெல்லாம் அவளைத்தான் அனுப்பினார்கள். தினக்கூலிதான், ஆனாலும் நாலு வருடமாக ஒரு நாள் விடாமல் கூப்பிட்டார்கள்.

வாரக் கடைசியில் தாள்களைக் கொண்டுபோய் அலுவலகத்து இளம் பொறியாளரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர் மேசையில் இருந்த கணினியை அலுவலகமே 'பெரியவர்' என்று சொல்லும். காலமெல்லாம் சாலை போட்டு ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவரை மாதக்கணக்கில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, அவர் அனுபவத்தையெல்லாம் 'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்று விதிவிதியாக எழுதி அதற்குள் ஏற்றியிருந்தார்கள். அசல் பெரியவர் தூரத்தில் மகள் வீட்டில் இருந்தார். நகல் பெரியவர் டீ கேட்பதில்லை, கோபித்துக்கொள்வதில்லை, இதுபோல் ஒரு மாமனார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பார் எழுத்தர்.

பெரியவர் ஒவ்வொரு சாலையைப் பற்றியும் வரிசையாகக் கேட்பார். விரிசல் நீளவாக்கிலா, முதலைத் தோல் மாதிரியா? சக்கரத் தடம் எத்தனை மில்லிமீட்டர் பள்ளம்? மழை நின்றபின் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு நாளில் எத்தனை வண்டி? பொறியாளர் ஒவ்வொன்றுக்கும் பதில் தட்டுவார். கடைசியில் தீர்ப்பு வரும்: ஒட்டுப் போடு, மேலே ஓர் அடுக்குப் போடு, தோண்டிப் புதிதாகப் போடு, அல்லது விட்டுவிடு. தீர்ப்புக்குப் பக்கத்தில் 'ஏன்?' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எந்த விதியால் அந்த முடிவுக்கு வந்தார் என்று சொல்வார். தாளைக் கொடுத்த பிறகும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று அதைப் பார்ப்பாள். ஒரு தெருவைப் பற்றி இத்தனை பொறுமையாக யாரும் விசாரித்து அவள் பார்த்ததில்லை.

அவள் தெருவைப் பற்றி மட்டும் அதுவரை கேட்கவில்லை.

அவள் தெரு பெரிய சாலையிலிருந்து பிரிந்து தையல் ஆலையின் பின்வாசல்வரை போகும். இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள். தார் போட்டு எத்தனை காலமாயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. நடுவே பள்ளங்கள், பள்ளங்களுக்கு நடுவே கொஞ்சம் சாலை. போன மழைக்காலத்தில் அவள் கணவன் தண்ணீர்க் கேன் ஏற்றிய தள்ளுவண்டியை அந்தத் தெருவழியாகத் தள்ளிக்கொண்டு வந்தான். தேங்கியிருந்த தண்ணீருக்கு அடியில் எத்தனை ஆழம் என்று அவனுக்குத் தெரியும். தினமும் போகிற வழி. ஆனால் முந்தின நாள் ராத்திரி மழை அதை இன்னும் தோண்டியிருந்தது. சக்கரம் இறங்கி வண்டி சாய்ந்து பன்னிரண்டு கேனும் அவன் முழங்கால்மேல் விழுந்தன. எலும்பு கூடியது, கால் மடங்கவில்லை. முதலாளி வண்டியை வேறு ஆளிடம் கொடுத்து, இனி அந்தத் தெருவுக்குள் போக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தெருக்காரர்கள் கேனைப் பெரிய சாலையிலிருந்து தோளில் சுமந்து வந்தார்கள். அவன் வாசலுக்கு நேரே போட்ட கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெருவில் எல்லோரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். எழுதியது அவள். எங்கே கொடுக்க வேண்டும், எந்த வார்த்தை போட்டால் யார் மேசைக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாதம் கழித்து எண்ண வேண்டிய சாலைகளின் பட்டியலில் அவள் தெருவும் வந்தது. அவளையே அனுப்பினார்கள்.

சொந்த வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்வது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கணவன் உள்ளேயிருந்து டீ வேண்டுமா என்று கேட்டான். வேலை நேரம் என்று கையசைத்தாள். ஆறரைக்கு ஆலைப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஆற்றுத் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல அவர்கள் பள்ளங்களைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றானார்கள். ஒருத்திகூட நிமிரவில்லை, எல்லாரும் தரையைப் பார்த்தே நடந்தார்கள். அவளும் முகங்களைப் பார்க்கவில்லை. வார் போன செருப்பு, வெடித்த குதிகால், நிறைமாதக்காரியின் வீங்கிய பாதம். கை கோடு போடத் துடித்தது, போட இடமில்லை. தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் போடத் தொடங்கினாள்.

மாலையில் முன்பக்கத்தில் முப்பத்தெட்டு இருசக்கரமும் ஆறு ஆட்டோவும் இருந்தன. பின்பக்கத்தில் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு பேர் நடந்திருந்தார்கள். தள்ளுவண்டி தொண்ணூறு. சக்கர நாற்காலி ஒன்று, போக வர இரண்டு தடவை.

பொறியாளர் எல்லாவற்றையும் தட்டினார். பெரியவர் விரிசலைக் கேட்டார், பள்ளத்தைக் கேட்டார், வண்டியைக் கேட்டார். பிறகு சொன்னார்: விட்டுவிடு. ஐந்து வருடம் கழித்துப் பார்.

பொறியாளர் 'ஏன்?' என்று அழுத்தினார். ஒரு நாள் போக்குவரத்து முந்நூறு வண்டிக்குக் கீழ், கனரக வண்டி இல்லை, இந்தச் சாலைக்குச் செய்யும் செலவு பயனற்றது என்று வந்தது.

"பின்பக்கம் பாத்தீங்களா மேடம்?" என்று அவள் கேட்டாள். "நடக்கறவங்கள எங்க போடறது?"

பொறியாளர் தாளைத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லக்கா. சக்கரம் ஏத்துற பாரத்த வச்சுத்தான் கணக்கு. கால் பட்டு ரோடு தேயாதுன்னு விட்டுட்டாங்க."

"ரோடு தேயாதுதான் மேடம். காலு தேயுது."

பொறியாளர் சிரிக்கவில்லை. இதற்கும் ஒரு விதி சேர்க்க வேண்டும் என்று அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பெரியவரை உருவாக்கியவர்களின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, விதிகளில் கைவைக்க இப்போது யாரும் இல்லை என்று பதில் வந்தது. வேண்டுமானால் இன்னொரு தடவை எண்ணச் சொல்லி மனுப்போடலாம், வருடத்துக்கு ஒருமுறை அனுமதி உண்டு என்று பொறியாளர் வழி சொன்னார். எத்தனை தடவை எண்ணினாலும் நாற்பத்துநாலு நாற்பத்துநாலுதான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மனுப்போட்டாள். நடந்ததைத் தெருவில் சொன்னாள். முந்நூறு என்ற எண்ணையும் சொன்னாள்.

இரண்டாம் முறை எண்ணப் போன நாள் வெயில் மெல்லியதாக இருந்தது. எட்டு மணிக்கு ஒரு செங்கல் லாரி காலியாக ஆடி ஆடி வந்தது. இந்தத் தெருவில் லாரியா என்று ஆச்சரியப்பட்டு ஆறாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இன்னொரு லாரி வந்தது. அதற்கும் பின்பக்கத் தார்ப்பாயில் அதே இடத்தில் கிழிசல். மூன்றாவதும் அதேபோல இருக்கவே நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டுகிற இடத்தில் மூன்றாம் வீட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான். மெதுவாக ஓட்டுவதால் அவனுக்கு நத்தை என்று பெயர். அவளைப் பார்க்காதவன்போல நேரே பார்த்துக்கொண்டு போனான். ஆலையைச் சுற்றிப் பின்சந்து வழியாகப் பெரிய சாலைக்குப் போய் மறுபடி வந்தான். அவனுக்குப் பின்னால் தெருவின் இருசக்கர வண்டிகளெல்லாம் வந்தன. தச்சர் வந்தார். ஆட்டோக்காரர் மாமியாரை ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் நாலாவது சுற்றில் தூங்கிப்போயிருந்தாள்.

அவள் எழுந்து கணவனிடம் போனாள். இது யார் வேலை என்று கேட்டாள். அவன் நீட்டிய காலைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

"நீ உன் வேலையப் பாரு. போற வண்டிய எண்ணு. யாரு வண்டின்னு கட்டத்துல கேக்கலியே."

அது உண்மைதான். ஒரே வண்டி இரண்டு தடவை போனால் இரண்டு கோடு என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு எல்லாம் கனவு மாதிரி ஆயிற்று. அதே கிழிசல், அதே தச்சர், அதே தூங்கும் மாமியார், தெருவே ஒரு ராட்டினம்போல அவளைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. புழுதி பொன்னாக எழுந்து அடங்காமல் நின்றது. வேலை முடிந்து வந்த ஆலைப் பெண்கள் சுவரோடு ஒட்டி நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லாரியின் பாரத்தில் ஒவ்வொரு பள்ளமும் இன்னும் நாலு விரல் ஆழமாயிற்று. ஆறு மணிக்கு அவள் கூட்டிப் பார்த்தாள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அதில் லாரி அறுபத்துநாலு. தான் எண்ணியதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் பொறியாளரே அலுவலக வாசலுக்கு வந்து அவளை உள்ளே கூட்டிப்போனார். மாவட்டத்துச் சாலைப் பட்டியலில் அவள் தெரு நாலாவது இடத்தில் இருந்தது.

தெரு அந்த ஒரு மாதத்தை மிதந்தபடியே கழித்தது. போடாத சாலையில் எல்லோரும் நடந்து பார்த்தார்கள். இனி முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே வேலைக்குப் போகலாம் என்றாள் ஆலைக்காரி ஒருத்தி. தன் லாரியைப் பார்த்தால் பெரியவருக்கே மரியாதை என்றான் நத்தை. அவளும் பாலத்தில் எண்ணிக்கொண்டிருந்தபோது கனவு கண்டாள். கறுப்பாக, ஈரமாக, வளைவே இல்லாமல் ஒரு சாலை. அதில் கணவன் தடியில்லாமல் எதையோ தள்ளிக்கொண்டு போகிறான், சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தபோது தாளில் கோடுகள் சரியாக இருந்தன.

மாதக் கடைசியில் தாள் கொடுக்கப் போனபோது பொறியாளர் முகம் சரியாயில்லை. பட்டியலின் நாலாம் எண்ணுக்கான முழு அறிக்கை இப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. அன்றைக்குத் தான் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டதாகச் சொல்லி, திரையை அவள் பக்கம் திருப்பினார். முதலில் அகலப்படுத்துக, பிறகு புதிதாகப் போடுக என்று இருந்தது. அவளே கை நீட்டி 'ஏன்?' என்ற பொத்தானை அழுத்தினாள். பெரியவர் பொறுமையாகச் சொன்னார்: கனரக வண்டி ஐம்பதுக்கு மேல். இப்போதுள்ள அகலம் மூன்றரை மீட்டர். தேவை ஏழு மீட்டர். இருபுறமும் சமமாக எடுக்க.

ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட ஆறடி. வீடுகளின் ஆழமே பத்தடிதான்.

அன்று ஓடியது ஒரே லாரி, அறுபத்துநாலு தடவை என்று அவள் சொன்னாள். பொறியாளர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத நான் கேக்கலன்னு வச்சுக்கறேன்கா. எழுதிக் குடுத்தா உங்க வேலை போயிடும். கொஞ்சம் யோசிங்க."

"யோசிச்சா என்ன மேடம்? தெருவுல முப்பது வீடு இருக்கு. என் கையெழுத்தத்தான் நம்பியிருக்காங்க, நீங்களும் அவங்களும்."

அங்கேயே தாள் வாங்கி எழுதினாள். யார் ஓட்டினார் என்று எழுதவில்லை. தெரிந்தே எண்ணினேன் என்று எழுதினாள்.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் நாற்காலியையும் அட்டையையும் திருப்பித் தரச் சொன்னார். கேமராவை ஜெயித்தவள் நீ, உனக்கு ஏன் இந்த வேலை என்று வருத்தமாகத்தான் கேட்டார். சாயங்காலம் நத்தை வந்து வாசலில் நின்றான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று என்று கணவன் சொன்னதும் அவன் தரையைப் பார்த்தான்.

"நான் போய்ச் சொல்றேன் அண்ணி. லாரி என்னோடதுதானே."

"லாரி மொதலாளியோடது. அவர்கிட்டச் சொன்னா உன் வேலையும் போகும். ஒருத்தர் போனது போதும், போய்ச் சாப்பிடு" என்றாள்.

பொறியாளர் அவள் எழுதிக் கொடுத்தபடியே செய்தார். அறுபத்துநாலு லாரியையும் நீக்கிவிட்டுப் பெரியவரிடம் மறுபடி கேட்டார். பெரியவர் யோசிக்காமல் பழைய பதிலைச் சொன்னார்: விட்டுவிடு. ஐந்து வருடம் கழித்துப் பார். நாலாம் எண்ணில் வேறொரு சாலை ஏறியது. ஆனால் அகலப்படுத்தும் உத்தரவு அதற்குள் நில அளவை அலுவலகத்துக்குப் போயிருந்தது. அது வேறு கட்டடம், வேறு துறை. அங்கே பெரியவர் கிடையாது. பொறியாளர் இரண்டு கடிதம் எழுதினார், ஒரு தடவை நேரிலும் போனார். சாலை போடுவதை ரத்து செய்தால் நிலம் எடுப்பதும் ரத்து என்று அர்த்தமில்லை, அதற்குத் தனியாக மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று சொன்னார்களாம். இதையெல்லாம் அவர் தெருவுக்கு வந்து, அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னார். போகும்போது பள்ளத்தில் கால் மடங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு அவள் ஆலைக்குப் போனாள். பொத்தான் துளை போடும் இயந்திரத்தில் உட்காரவைத்தார்கள். காலையில் அந்தக் கூட்டத்தோடு அவளும் கலந்து, பள்ளத்தைச் சுற்றிப் பிரிந்து, மறுபடி சேர்ந்து நடந்தாள்.

வார விடுமுறை நாளில் நில அளவைக்காரர்கள் வந்தார்கள். வெயில் ஏறாத, எல்லா வீட்டிலும் சோம்பலாகப் பேச்சுக் கேட்கிற நேரம். அளக்கிறவர் வயதானவர், கண்ணாடி போட்டவர். இன்னொருவர் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று வணக்கம் சொல்லி, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்து, அவர்கள் மெதுவாக நகர்ந்தார்கள். சத்தம் போடுவதற்கு இடம் கொடுக்காத மனிதர்கள். அவள் வீட்டுக்கு வந்தபோது அளக்கிறவர் தெரு நடுவில் நின்று, இரும்பு நாடாவின் முனையை அவளிடம் நீட்டினார்.

"கொஞ்சம் இந்த மொனையப் பிடிங்கம்மா. பிடிக்கிற ஆளு இன்னைக்கு வரல."

அவள் வாங்கிக்கொண்டாள். நாடா அவள் கையிலிருந்து சரசரவென்று நீண்டது. வாசற்படிவரை போய் நின்றாள்.

"இன்னும் உள்ள போங்கம்மா."

படியேறினாள். அடுப்பு மேடையைத் தாண்டினாள். தண்ணீர்க் கேனைத் தாண்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."

நாடா கட்டிலில் முட்டி வளைந்தது. கணவன் மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்து, நாடா நேராகப் போவதற்கு வழிவிட்டான்.

"அங்கதான். அசையாம பிடிங்க" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

கணவன் கால் இருந்த இடத்தில் நாடாவின் முனையை வைத்து, அவள் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தாள்.